முதல் சம்பளமும் முதல் கடன் அட்டையும்

(ஜும்ஆ பேருரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

  

நம் பேரணாம்பட்டு வாலிபர்கள் பலர் இன்று ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளிலும் சென்னை, பெங்களூரு அலுவலகங்களிலும் வேலைக்குச் சேர்ந்து, மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அல்ஹம்து லில்லாஹ்! முதல் சம்பளம் வங்கியில் ஏறி முடிவதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பும் வந்து விடுகிறது. "உங்களுக்குக் கிரெடிட் கார்டு தயாராக இருக்கிறது, சரி என்று சொன்னால் போதும்" என்கிறார்கள். தொழுகை முடிந்து வெளியே வரும்போது வாலிபர்கள் என்னிடம் கேட்பது, "ஹஜ்ரத், எந்த வங்கியின் கார்டு நல்லது?" என்பதே. வாங்கலாமா என்று கேட்பவர்கள் குறைவு. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டு, எதை வாங்குவது என்று மட்டும் கேட்கிறார்கள்.

ஆகவே இன்று அவ்விரு கேள்விகளையும் வரிசைப்படி எடுத்துக் கொள்வோம். முதலில் அந்த அட்டை என்னவென்று அறிவோம். பிறகு மார்க்கம் அதைக் குறித்து என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அதன் பின்னரே விண்ணப்பத்தைக் கையில் எடுப்போம்.

அட்டையின் உண்மைப் பெயர்

அன்பிற்கினிய சகோதரர்களே! நம் பணப்பையில் இரண்டு அட்டைகள் இருக்கலாம். அளவிலும் தோற்றத்திலும் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்று டெபிட் கார்டு. அதைத் தேய்த்தால் நம் கணக்கில் உள்ள நம் பணம் போகும். மற்றொன்று கிரெடிட் கார்டு. அதைத் தேய்த்தால் வங்கி தன் பணத்தைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, நம் பெயரில் கடன் எழுதிக் கொள்ளும். ஆகவே தமிழில் அதைக் கடன் அட்டை என்று சொல்வதே பொருத்தம். "எனக்கு ஒரு லட்சம் லிமிட் இருக்கிறது" என்று ஒரு வாலிபர் பெருமையோடு சொல்லும்போது, "ஒரு லட்சம் வரை கடனாளியாக எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது" என்றே அதற்குப் பொருள்.

இவ்வட்டையின் வரலாறு நீண்டதன்று. 1950ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் உணவு விடுதிகளில் கணக்கு வைத்துச் சாப்பிடுவதற்காக ஓர் அட்டையைத் தொடங்கியது. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும் என்பது அதன் விதி. 1958ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் மக்கள் கேளாமலேயே அறுபதாயிரம் அளவில் அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. அந்த அட்டையில்தான், முழுத் தொகையைக் கட்டாமல் கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு அடுத்த மாதத்துக்குத் தள்ளும் ஏற்பாடு பரவலாக வேரூன்றியது. நம் நாட்டில் 1980ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா கடன் அட்டையை அறிமுகப்படுத்தியது. இப்போது அது சிற்றூர்களின் செல்பேசிகள் வரை வந்து விட்டது.

வங்கிக்கு இதில் என்ன வருமானம் என்று கேட்பீர்கள். கடைக்காரரிடமிருந்து ஒரு சிறு கழிவு கிடைக்கிறது. அட்டைதாரரிடமிருந்து ஆண்டுக் கட்டணம் கிடைக்கிறது. மூன்றாவது வருமானம், தவணை தவறுகிறவர்கள் தரும் வட்டியும் அபராதமும். ஒழுங்காகக் கட்டுகிறவர் தவறுவதற்கான வாசலும் அதே ஒப்பந்தத்தில் திறந்தே இருக்கிறது என்பதை மறந்து விடாதீர்கள்.

நாம் அறிந்த கடன்

கடன் என்பது நம் ஊருக்குப் புதிதன்று. கச்சாத் தோலைக் கடனுக்கு வாங்கி, பதனிட்டு, விற்ற பணம் வந்த பிறகு கணக்குத் தீர்ப்பது நம் தோல் வியாபாரத்தில் வழிவழியாக உள்ள வழக்கம். சென்னைப் பெரியமேட்டின் தோல் மண்டிகளுக்கும் நம் ஊர் டேனரிகளுக்கும் இடையே வாக்குறுதியின் பேரில் ஓடிய சரக்கு எவ்வளவு என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். சொன்ன தேதியில் பணம் அனுப்பாதவனுக்கு அடுத்த முறை சரக்குக் கிடைக்காது. அவனுடைய பெயரே அவனுக்கு மூலதனமாக இருந்தது.

அல்லாஹ்வும் கடனைத் தடுக்கவில்லை, அதை ஒழுங்குபடுத்தினான். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நினைத்துப் பாருங்கள். ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் அது. கடனை எழுதி வைப்பது பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக் கொள்ளும்படியும், எழுதுபவர் நீதியோடு எழுதும்படியும், சாட்சிகளை வைத்துக் கொள்ளும்படியும், தொகை சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்றும் அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான்.

அவ்வசனத்தில் ஒரு நுட்பத்தை ஊன்றிக் கவனியுங்கள். எழுத்தரிடம் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுப்பவர் அல்லர். கடன் வாங்குபவரே தம் வாயால் சொல்ல வேண்டும் என்கிறான் இறைவன். அவர் சொல்ல இயலாத பலவீனராக இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்கிறான். தன் தலை மீது ஏறும் சுமை எவ்வளவு என்பதைக் கடனாளி தன் நாவால் உரைத்து, தெரிந்து ஏற்க வேண்டும் என்பது இதில் உள்ள அருள்.

இன்று நடப்பது என்ன? கடன் கொடுப்பவர் பல பக்கங்களில் சிறிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். கடன் வாங்குபவர் ஒரு எழுத்தையும் வாசிக்காமல் "சம்மதம்" என்ற கட்டத்தை விரலால் தொடுகிறார். செல்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணைச் சொல்கிறார். அந்தத் தொடுதல்தான் அவருடைய கையெழுத்து. அதைக் கொண்டுதான் அவர் வட்டிக்கும் அபராதத்துக்கும் சம்மதித்தவராகிறார். என் உரையின் சாரத்தை இங்கேயே சொல்லி விடுகிறேன்: தீர்மானம் கடையில் அட்டையைத் தேய்க்கும்போது எடுக்கப்படுவதில்லை; கையெழுத்திடும்போதே அது எடுக்கப்பட்டு விடுகிறது. ஆகவே நம் மார்க்கமும் நம் அறிவும் அந்தக் கையெழுத்துக்கு முன்பே விழித்துக் கொள்ள வேண்டும்.

மூன்றரை வட்டிக் கணக்கு

நம் பகுதியில் ஒருவர் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினார் என்றால், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால், தெருவே அவரைக் கண்டு அனுதாபப்படும். கந்து வட்டியின் கொடுமையைத் தடுக்கத் தமிழக அரசு 2003ல் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் பல வங்கிகளின் கடன் அட்டையில் நிலுவைக்கு வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 42 சதவீதம். அந்த வட்டியின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கடன் அட்டைக்கு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் தீர்ப்பளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அத்தீர்ப்பை ரத்துச் செய்து விட்டது. ஆகவே அந்த உச்சவரம்பு நம்மைக் காக்கும் என்று யாரும் எண்ணியிருக்க வேண்டாம்.

ஒரு தாயார் என்னிடம் வந்தார்கள். வீட்டிலிருந்தபடி பீடி சுற்றி மகனைப் படிக்க வைத்தவர்கள். மகன் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் கடன் அட்டை வாங்கி, நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு செல்பேசி வாங்கியிருந்தார். வந்த பில்லில் "செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை" என்று சுமார் இரண்டாயிரம் போட்டிருந்தது. அதையே தவணை என்று நினைத்து மாதந்தோறும் இரண்டாயிரம் கட்டி வந்தார். "ஒரு வருஷமாகக் கட்டுகிறானே, இன்னும் ஏன் போன் செய்து மிரட்டுகிறார்கள்?" என்று அந்தத் தாய் கேட்டார்கள். மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த நகையை விற்றுக் கடனை அடைக்கலாமா என்று கேட்கவே அவர்கள் வந்திருந்தார்கள்.

இந்தக் கணக்கைப் பொறுமையாகக் கேளுங்கள். நாற்பதாயிரத்துக்கு மூன்றரை சதவீதம் 1,400 ரூபாய். அதன் மீது ஜிஎஸ்டி 252 ரூபாய். ஆக 1,652 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய் விடுகிறது. கட்டிய இரண்டாயிரத்தில் அசலில் கழிந்தது 348 ரூபாய் மட்டுமே. இப்படியே பன்னிரண்டு மாதம் கட்டினால் மொத்தம் 24,000 ரூபாய் கட்டியிருப்பார். அசலில் குறைந்திருப்பது ஏறத்தாழ 5,270 ரூபாய். இன்னும் 34,700 ரூபாய்க்கு மேல் பாக்கி நிற்கும். இதற்கிடையில் வேறு ஒரு பொருளும் வாங்கவில்லை, ஒரு தவணையும் தாமதிக்கவில்லை என்று வைத்துக் கொண்டால்தான் இந்தக் கணக்கு.

வேறு மூன்று செய்திகளையும் அறிந்து கொள்ளுங்கள். ஒன்று, நாற்பத்தைந்து அல்லது ஐம்பது நாள் வட்டியில்லை என்று சொல்வது முழு பில்லையும் கட்டுகிறவருக்கு மட்டுமே. பாக்கி வைத்தவருக்கு, அந்த நிலுவைக்குப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் அவகாசம் இல்லை. இரண்டு, கடன் அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் எடுத்த அன்றே வட்டி தொடங்கும். தனிக் கட்டணமும் உண்டு. மூன்று, "வட்டியில்லாத் தவணை" என்ற விளம்பரம். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை, வட்டி வேறு கட்டணங்களுக்குள் மறைக்கப்படுகிறது என்று வங்கிகளை எச்சரித்தது. இன்றும் அத்தகைய தவணைகளில் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி போட்டிருப்பதைப் பில்லில் பார்க்கலாம். வட்டியே இல்லையென்றால் வட்டியின் மீது வரி எங்கிருந்து வந்தது?

மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு

வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியதாக அல்லாஹ் ஸூரத்துல் பகராவின் 275ஆம் வசனத்தில் அறிவிக்கிறான். இதில் எந்த முஸ்லிமுக்கும் சந்தேகமில்லை. கடன் அட்டையில் எழும் கேள்வி வேறு. "நான் ஒரு நாளும் தவணை தவற மாட்டேன், வட்டி கட்டவே மாட்டேன். அப்போதும் கூடாதா?" என்கிறார்கள்.

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 2000 செப்டம்பரில் ரியாத்தில் கூடியபோது இதை ஆராய்ந்து 108ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. வட்டி நிபந்தனை அடங்கிய கடன் அட்டையை வழங்குவதும் பயன்படுத்துவதும் கூடாது. அவகாசத்துக்குள் கட்டி விடும் உறுதி அட்டைதாரருக்கு இருந்தாலும் கூடாது என்பது அதன் முடிவு. வட்டி நிபந்தனை இல்லாத அட்டையையும், உண்மையான சேவைக்கு ஈடான நிலையான கட்டணத்தையும் அது அனுமதித்தது.

முஃப்தி முஹம்மத் தகீ உஸ்மானி அவர்களைப் போன்ற சமகால அறிஞர்கள் வேறு சிலர், தேவையுள்ளவர் வட்டி ஏற இடம் தராமல் உரிய காலத்தில் முழுத் தொகையையும் கட்டி விடும் உறுதியான ஏற்பாட்டோடு பயன்படுத்தலாம் என்று கருதுகிறார்கள். வட்டி கட்டும் நிலை வந்தால் ஹராம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள்.

மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இஸ்லாமிய வங்கிகள் தனி வகை அட்டைகளை வழங்குகின்றன. நம் நாட்டில் அந்த வாய்ப்பு இல்லை. வட்டியில்லா வங்கிச் சேவை குறித்த யோசனையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017ல் தெரிவித்து விட்டது. எனவே நமக்கு முன் உள்ள அட்டைகள் வட்டி நிபந்தனை உள்ளவையே.

ஆகவே என் ஆலோசனை இது. தேவையில்லாதவர் இதன் பக்கம் போக வேண்டாம். உண்மையான தேவை உள்ளவர், விண்ணப்பப் படிவத்தையும் நிபந்தனைகளையும் கையில் எடுத்துக் கொண்டு நம்பகமான ஒரு முஃப்தியிடம் நேரில் செல்லட்டும். தம் நிலையை மறைக்காமல் சொல்லி, தீர்ப்பைப் பெற்ற பிறகு முடிவு செய்யட்டும். கிடைத்த சலுகையைக் கொண்டு மனம் விரும்பியதைச் செய்வது தக்வா ஆகாது.

தேவையா, ஆசையா?

வாலிபச் சகோதரரே! விண்ணப்பிக்கும் முன் உங்கள் உள்ளத்தை நீங்களே விசாரியுங்கள். கடையில் பொருள் வாங்கவும், ரயில் டிக்கெட் எடுக்கவும், மின் கட்டணம் கட்டவும் டெபிட் கார்டு போதும். 2016ல் வந்த யுபிஐ மூலம் டீக்கடை வரை பணம் செலுத்துகிறோம். இவற்றால் நடக்காத எந்தக் காரியத்துக்காக உங்களுக்குக் கடன் அட்டை தேவைப்படுகிறது? அலுவல் பயணங்களுக்காகச் சிலருக்குத் தேவைப்படலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் சில சேவைகளுக்குப் பணம் கட்ட வேண்டிய வியாபாரிக்குத் தேவைப்படலாம். நண்பன் வைத்திருக்கிறான் என்பது தேவை ஆகாது. விமான நிலையத்தில் இலவசச் சாப்பாடு கிடைக்கிறது என்பதும் தேவை ஆகாது.

"கார்டு வாங்காவிட்டால் சிபில் ஸ்கோர் வராது" என்று சொல்லி அச்சுறுத்துகிறார்கள். சிபில் என்பது 2000ல் தொடங்கப்பட்ட ஒரு கடன் தகவல் நிறுவனம். ஒருவர் வாங்கிய கடனையும் கட்டிய முறையையும் பார்த்து 300 முதல் 900 வரை அது மதிப்பெண் இடுகிறது. கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இல்லாதிருப்பது குற்றமோ குறையோ அன்று. மதிப்பெண் பெறுவதற்காகவே கடனாளியாவது, மருந்தகத்தில் நற்பெயர் எடுக்க நோயை வரவழைப்பது போன்றது.

நம் ஊரின் அனுபவத்தையும் நினைத்துப் பாருங்கள். பாலாற்று மாசு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் நாட்களில் டேனரிகள் மூடப்பட்டு எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரை வரி விதித்தபோது ஷூ, தோல் ஏற்றுமதியாளர்களின் ஆர்டர்கள் தடுமாறின. நம் சம்பளம் கடல் கடந்த நாட்டின் முடிவு ஒன்றால் நின்று போகக் கூடியது. பில்லின் கடைசித் தேதி அவ்வாறு நிற்காது. வரப்போகும் சம்பளத்தை நம்பி இன்று செலவழிப்பவர், தமக்கு உரிமையில்லாத நாளையை அடமானம் வைக்கிறார்.

விண்ணப்பிப்பவர் பேண வேண்டியவை

தேவை உண்மையானது, முஃப்தியும் வழி சொன்னார் என்று வைத்துக் கொள்வோம். அப்போது பின்வருவனவற்றைப் பேணிக் கொள்ளுங்கள்.

முதலாவது, படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். பான் அட்டை, ஆதார், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். "சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் லிமிட் அதிகம் வரும்" என்று ஏஜெண்ட் சொல்வார். அது பொய். பொய்யின் மீது தொடங்கும் ஒப்பந்தத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, பல வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் பதிவாகும். அதற்கு முன் உங்கள் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் அறியாத கடன் ஏதும் உங்கள் பெயரில் இருந்தால் அதில் தெரிந்து விடும்.

மூன்றாவது, வட்டி, கட்டணங்கள் அடங்கிய ஒரு பக்க விவரச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் நெறிமுறை, அதை விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்கிறது. நிபந்தனைகள் எளிய நடையில், இயன்றவரை வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே தமிழில் கேட்கத் தயங்காதீர்கள். கிடைத்ததை வீட்டில் உரக்க வாசியுங்கள். தந்தையும் தாயும் கேட்கட்டும். கடனாளி தன் வாயால் சொல்ல வேண்டும் என்ற இறைவசனத்தின் நோக்கத்துக்கு நாம் இயன்ற அளவு நெருங்கும் வழி இது.

நான்காவது, தேர்ந்தெடுப்பதில் அளவுகோலை மாற்றிக் கொள்ளுங்கள். எந்த அட்டையில் அதிகப் பரிசுப் புள்ளி என்று பார்க்காதீர்கள். ஆண்டுக் கட்டணம் இல்லாததைப் பாருங்கள். "முதல் ஆண்டு இலவசம்" என்பது வேறு, "வாழ்நாள் முழுதும் இலவசம்" என்பது வேறு. லிமிட்டை உங்கள் மாதச் சம்பளத்தின் ஒரு சிறு பகுதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்கக் கேட்பது உங்கள் உரிமை. வைப்புத் தொகையின் பேரில் தரும் அட்டையை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். அதில் அந்த வைப்பே வட்டி ஈட்டும் வைப்பு என்பதை மறவாதீர்கள். புள்ளிகளும் கேஷ்பேக்கும் கூடுமா என்பதையும் அதே முஃப்தியிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஐந்தாவது, அட்டை கைக்கு வந்த அன்றே, மாதந்தோறும் முழு பில் தொகையும் உங்கள் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். படிவத்தில் "குறைந்தபட்சத் தொகை", "முழுத் தொகை" என இரண்டு கட்டங்கள் இருக்கும். முழுத் தொகை என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரொக்கம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். பில்லை மாதத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்ற அழைப்பை மறுத்து விடுங்கள்.

ஆறாவது, உங்கள் அட்டையில் நண்பருக்கோ உறவினருக்கோ பொருள் வாங்கித் தராதீர்கள். அவர் கட்டத் தவறினால் வங்கியின் ஏட்டில் கடனாளி நீங்கள்தான். உதவ விரும்பினால் உங்கள் கையில் உள்ள பணத்தை அழகிய கடனாகக் கொடுங்கள்.

ஏழாவது, கேளாமல் அட்டை வந்தால் ஏற்காதீர்கள். சம்மதமின்றி அட்டை வழங்குவதை அதே நெறிமுறை தடுக்கிறது. அவ்வாறு வழங்கிக் கட்டணம் கேட்டால், அதை ரத்துச் செய்வதோடு அத்தொகையின் இரு மடங்கை அபராதமாக உங்களுக்குத் தர வேண்டும். வேண்டாம் என்று முடிவு செய்து, பாக்கியின்றி மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அட்டையைக் கத்தரித்து எறிவதால் கணக்கு மூடப்படுவதில்லை. எழுத்தில் கேட்டு, மூடியதற்கான பதிலையும் எழுத்தில் பெறுங்கள்.

சிக்கியவரைக் கைவிடாதீர்கள்

பெற்றோர்களே! மஹல்லாவின் பெரியவர்களே! ஏற்கனவே கடன் அட்டையில் சிக்கிய பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வெட்கத்தால் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடனிலிருந்து அதிகமாகப் பாதுகாப்புத் தேடுவார்கள். அதன் காரணத்தைக் கேட்டபோது, கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் விளக்கமளித்ததாக ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. ஆகவே பிள்ளை பொய் சொல்லத் தொடங்குவதன் பின்னால் ஒரு கடன் இருக்கக் கூடும். அதட்டுவதற்கு முன் பில்லைக் கேளுங்கள்.

என்னிடம் வந்த தாயாருக்கு நான் சொன்னதும் இதுவே. முதலில் அந்த அட்டையில் இனி ஒரு ரூபாயும் செலவு செய்யக் கூடாது. நகையை விற்பதா, உறவினரிடம் வட்டியில்லாக் கடன் பெறுவதா என்பதைக் குடும்பம் கூடி முடிவு செய்யலாம். ஆனால் மாதம் இரண்டாயிரம் என்ற முறையை ஒரு மாதம் கூடத் தொடர வேண்டாம். வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பித்து நிலுவையைப் பேசித் தீர்க்க வேண்டும். மிரட்டலுக்கும் பணிய வேண்டியதில்லை. கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, கடனாளியையோ குடும்பத்தாரையோ இழிவுபடுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. வங்கியிடம் எழுதிக் கொடுத்த முறையீட்டுக்கு முப்பது நாட்களில் தக்க பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இவை நம் உரிமைகள். அதே நேரத்தில் வாங்கிய அசல் நம் மீது அமானத். சட்டத்தின் ஓட்டையைத் தேடி அதைக் கட்டாமல் தப்ப நினைப்பது மூமினுக்கு அழகன்று.

கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி ஸூரத்துல் பகராவின் 280ஆம் வசனம் செல்வந்தரிடம் சொல்கிறது. நம் மஹல்லாக்களின் பைத்துல்மால்கள் இவ்வசனத்தைக் கையில் எடுக்க வேண்டும். நோய்க்கும் திருமணத்துக்கும் உதவுவது போல, வட்டியில் சிக்கிய வாலிபரின் அசலை அடைக்க வட்டியில்லாக் கடன் கொடுத்து, மாதந்தோறும் சிறு தொகையாகத் திரும்பப் பெறலாம். தேவ்பந்தில் 1961ல் தொடங்கப்பட்ட முஸ்லிம் ஃபண்ட் வட்டியில்லாக் கடன் வழங்கி வந்ததை நாம் முன்மாதிரியாகக் கொள்ளலாம். ஒரு மஹல்லாவில் பத்து வசதியானவர்கள் ஆளுக்கொரு தொகையைப் போட்டால், பல குடும்பங்களை மூன்றரை வட்டியிலிருந்து மீட்கலாம். அதைச் செய்யாமல் மேடையில் வட்டி ஹராம் என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்தால், நீரில் தத்தளிப்பவனுக்குக் கரையில் நின்று நீச்சலின் சிறப்பை விளக்குவது போலாகும்.

கடல் கடந்த ஆயிரம் தீனார்

நிறைவாக, நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்து ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். இஸ்ரவேல் மக்களில் ஒருவர் மற்றொருவரிடம் ஆயிரம் தீனார் கடன் கேட்டார். அவர் சாட்சி கேட்டபோது அல்லாஹ்வே போதுமான சாட்சி என்றார். பிணை கேட்டபோது அல்லாஹ்வே போதுமான பிணையாளன் என்றார். தவணை குறித்துப் பணம் கைமாறியது. வாங்கியவர் கடல் கடந்து சென்று தம் வேலையை முடித்தார். தவணை நாள் நெருங்கியபோது திரும்பிச் செல்லக் கப்பல் தேடினார், கிடைக்கவில்லை. ஒரு மரக்கட்டையைக் குடைந்து, அதற்குள் ஆயிரம் தீனாரையும் ஒரு கடிதத்தையும் வைத்து அடைத்து, தாம் அல்லாஹ்வைப் பிணையாக்கியதைச் சொல்லித் துஆச் செய்து, கடலில் விட்டார். மறுகரையில் கடன் கொடுத்தவர் தம் பணத்தோடு கப்பல் ஏதும் வருகிறதா என்று பார்க்க வந்தார். கப்பல் இல்லை; ஒரு கட்டை ஒதுங்கியிருந்தது. அடுப்புக்காக எடுத்துச் சென்று பிளந்தார். பணமும் கடிதமும் இருந்தன.

கடன்பட்டவர் அதோடு நிம்மதியாக உறங்கி விடவில்லை. கப்பல் கிடைத்ததும் மற்றோர் ஆயிரம் தீனாரோடு வந்து நின்றார். நீர் அனுப்பியதை அல்லாஹ் சேர்த்து விட்டான் என்று கூறி, கொடுத்தவர் அதைத் திருப்பி அனுப்பினார்.

சகோதரர்களே! தவணை நாளை எண்ணி அந்த மனிதர் கரையில் எவ்வளவு தவித்திருப்பார்! நமக்கோ கடன் தீர்க்கக் கடலைக் கடக்க வேண்டியதில்லை. விரலால் ஒரு முறை தொட்டால் போதும். அதே விரலால்தான் கடனுக்குள்ளும் நுழைகிறோம். இன்று மாலை உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து உட்கார வையுங்கள். அவருடைய செல்பேசியில் இருக்கும் சம்மதங்களையும் பில்களையும் ஒன்றாக வாசியுங்கள். இன்னும் கையெழுத்திடாதவராக இருந்தால், வாசித்து முடிக்கும் வரை கையெழுத்திட வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் பரக்கத்தை நல்குவானாக! கடனின் பாரத்திலிருந்தும் வட்டியின் இழிவிலிருந்தும் நம் இல்லங்களைக் காப்பானாக! கடன்பட்டோரின் கடனை ஹலாலான வழியில் தீர்த்து வைப்பானாக! யாருடைய பாக்கியும் நம் தலை மீது இல்லாத நிலையில் நம்மைத் தன்னிடம் அழைத்துக் கொள்வானாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.